பெருச்சாளிக்குக் கட்டிய பொட்டலங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி நாற்பது நிமிடம். மாதா கோயிலின் எட்டரைப் பூசைக்குக் கிளம்ப வேண்டும் என்பதால் கடிகாரத்தைப் பார்த்தபடியே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன். பின்வாசல் வழியாக என் மகள் உள்ளே வந்தாள். ஏழு வயது. கோயிலுக்கென்று வெள்ளைக் கவுன் போட்டிருந்தாள். இடுப்புக்குக் கீழே, கையைத் துடைத்த மாதிரி, இரண்டு விரல் அகலத்தில் ஒரு கறை. சிவப்பாக இருந்திருந்தால் ஒரு அதட்டல் போட்டுவிட்டு வேறு கவுன் மாற்றச் சொல்லியிருப்பேன். எங்கள் மண் செம்மண். அந்தக் கறை கருஞ்சாம்பல் நிறத்தில் இருந்தது.

அந்த நிறத்தில் எங்கள் வீட்டில் ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. முந்தின நாள் மாலை நானே கையுறை போட்டுக்கொண்டு அதைப் பொரியோடு பிசைந்திருந்தேன்.

நடந்ததைச் சொல்வதற்கு முன், அந்தப் பொடி எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

திண்டுக்கல்லில் இருந்து ரெட்டியார்சத்திரம் போகும் சாலையில், வீடுகள் முடிந்து தோட்டங்கள் தொடங்கும் இடத்தில் நாங்கள் குடியிருக்கிறோம். நானும் என் மனைவியும் ஆசிரியர்கள். அவள் தொடக்கப்பள்ளியில் இருக்கிறாள். நான் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் நடத்துகிறேன். வீட்டுக்குப் பின்னால் இருபது சென்ட் நிலம் கிடந்தது. சந்தைக்கு வரும் கத்தரிக்காயின் மேல் எத்தனை முறை மருந்து அடிக்கிறார்கள் என்பதை அக்கம்பக்கத்தில் பார்த்திருக்கிறேன். மகளுக்கு மருந்து படாத காய் கொடுக்க வேண்டும் என்றுதான் அந்த நிலத்தில் தோட்டம் போட்டேன். இப்போது இதை எழுதக் கை கூசுகிறது.

முதல் வருடம் மயில் வந்தது. விதைத்த கடலையை, நான் விதைத்த வரிசையிலேயே, ஒன்று விடாமல் கொத்தித் தின்றுவிட்டுப் போனது. சுற்றிலும் பழைய சேலை கட்டினோம். தக்காளி பழுக்கும் சமயத்தில் அணில் வந்தது. ஒவ்வொரு பழத்திலும் ஒரு கடி, அவ்வளவுதான். மிச்சத்தை நாம் தின்னலாம் என்பது போல. இவற்றையெல்லாம் கண்ணால் பார்க்க முடிந்தது. கை தட்டலாம், கத்தலாம். மகள் ஒரு தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு ஓடுவாள். அதில் அவளுக்குக் கொண்டாட்டம்.

பெருச்சாளியை அப்படிப் பார்க்க முடியாது. காலையில் போனால் வரப்பில் புது மண் குவிந்து கிடக்கும். கத்தரிச்செடி நின்ற இடத்தில் நிற்கும். தொட்டால் சாயும். தூக்கிப் பார்த்தால் அடியில் வேர் இருக்காது. சர்க்கரைவள்ளிப் பாத்தியைத் தோண்டியபோது கொடிக்குக் கீழே கிழங்கின் தோல் மட்டும் ஓடு மாதிரிக் கிடைத்தது. உள்ளே சுரண்டித் தின்றிருந்தது. ஒரே மாதத்தில் தோட்டத்தில் பதினெட்டு வங்குகள். எங்கள் பக்கத்தில் எலி வளையை வங்கு என்போம். காலை வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகும் அளவுக்குச் சில வங்குகள் பெரிதாக இருந்தன.

வங்குக்குள் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். இரண்டு குடம், பத்துக் குடம், மோட்டாரையே போட்டுவிட்டேன். தண்ணீர் எங்கோ போனது, ஒன்றும் வெளியே வரவில்லை. வைக்கோலும் மிளகாயும் போட்டுப் புகை மூட்டினேன். நாங்கள் மூன்று பேரும் இருமியதுதான் மிச்சம். பிறகு கம்பிக்கூண்டு ஒன்று வாங்கி, கருவாட்டுத் துண்டு கட்டி வைத்தேன். முதல் நாளே ஒன்று மாட்டியது. பூனை அளவு இருந்தது. நான் எழுவதற்கு முன்பே மகள் போய்ப் பார்த்துவிட்டாள். கம்பியைக் கடித்துக் கடித்து அதன் வாயெல்லாம் ரத்தம். அவள் அழுத அழுகையில் பக்கத்துத் தோட்டத்து அக்கா ஓடி வந்துவிட்டார்.

அந்த அக்கா என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். கணவர் இல்லை. தனியாளாகத் தக்காளியும் மல்லிகையும் போட்டு இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவர். என் தோட்டம் அவருக்குத் தினசரி வேடிக்கை.

"என்ன வாத்தியாரே, இதை என்ன செய்யப் போறீக?"

"குளத்துப் பக்கம் கொண்டுபோய் விடலாம்னு இருக்கேங்க்கா."

"வண்டியிலயா? ஹெல்மெட் ஒண்ணு மாட்டிக் கூட்டிட்டுப் போங்க."

உண்மையில் வண்டியில்தான் கொண்டுபோனேன். கூண்டைப் பின்னால் கட்டி, மகளை முன்னால் உட்கார வைத்து, மூன்று கிலோமீட்டர். திறந்துவிட்டதும் அது திரும்பிப் பார்க்காமல் கோரைக்குள் போனது. மகள் கையசைத்தாள். வரும் வழியில், "அதுக்கு அங்க வீடு கிடைக்குமாப்பா?" என்று கேட்டாள். கிடைக்கும் என்றேன்.

அக்கா வேலியோரம் நின்று எங்களுக்காகக் காத்திருந்தார். "நீங்க வந்து சேருறதுக்கு முந்தி அது வந்து சேந்திருக்கும் வாத்தியாரே," என்றார்.

அதற்குப் பிறகு ஒரு பெருச்சாளிகூடக் கூண்டுக்குள் நுழையவில்லை. கருவாடு காய்ந்து சுருண்டது. கடலைப் பாத்தியில் பாதி போயிற்று. ஒரு நாள் சாயங்காலம் சமையலறைச் சுவரோரத்தில் புது மண்ணைப் பார்த்தேன். வங்கு வீட்டின் அடிவாரத்துக்கு வந்துவிட்டது. அன்றைக்குத்தான் அக்காவிடம் மருந்து பற்றிக் கேட்டேன்.

"எடுத்த எடுப்புல மருந்தை வச்சா அது திங்காது," என்றார் அக்கா. "பெருச்சாளி சந்தேகம் புடிச்ச சாதி. புதுசா ஒண்ணைக் கண்டா மோந்து பாத்துட்டுப் போயிரும். மூணு நாளைக்குச் சும்மா சோறு போடணும். பொரி, தேங்காய், கடலை, கொஞ்சம் வெல்லம். பொட்டலமாக் கட்டி ஒவ்வொரு வங்குலயும் வைங்க. நல்லாத் திங்கட்டும், இந்த வீட்டு ஆளுக நல்லவுகன்னு நம்பட்டும். நாலாம் நாள் அதே பொட்டலம், அதே கட்டு, உள்ள மருந்து. அம்புட்டும் போயிரும்."

இது விவசாய அலுவலர்களும் சொல்கிற முறைதான். உரக்கடையில் மருந்து டப்பா ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு, அவர் சொன்னபடியே செய்தேன். ஒரே ஒரு வித்தியாசம், அந்த மூன்று நாளும் என் மகள் என்னோடு உட்கார்ந்து பொட்டலம் கட்டினாள்.

பள்ளி விட்டு வந்ததும் கால் கழுவிக்கொண்டு நேராகச் சமையலறைக்கு வருவாள். பழைய விடைத்தாள்களை நான் நான்காகக் கிழித்துக் கொடுப்பேன். அவள் பொரியும் தேங்காயும் வெல்லமும் கலந்து அள்ளி வைப்பாள். நான் மடித்து வெள்ளை நூலால் கட்டுவேன். விரலில் ஒட்டிய வெல்லத்தை அவள் நக்குவாள். நானும் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, "எலிக்கு இவ்வளவு ருசியாவா?" என்பேன். சிரித்துப் புரைக்கேறும் அவளுக்கு. வேலியோரம் வந்த அக்கா பொட்டலத்தை வாங்கிப் பார்த்து, "என்ன வாத்தியாரே, இதுல ஏழு மார்க்குன்னு போட்டிருக்கு. பெயிலான பேப்பரைக் குடுத்தா பெருச்சாளி கோவிச்சுக்காதா?" என்று கேட்டார்.

புதன், வியாழன், வெள்ளி. ஒவ்வொரு காலையும் மகள் எழுந்ததும் முதல் வேலையாகத் தோட்டத்துக்கு ஓடி வங்கு வங்காகக் குனிந்து பார்ப்பாள். முதல் நாள் ஐந்து பொட்டலம் காணோம். இரண்டாம் நாள் பன்னிரண்டு. மூன்றாம் நாள் பதினெட்டும். "பூராம் சாப்பிட்டுருச்சுப்பா!" என்று பல் விளக்கும் என்னிடம் வந்து கத்தினாள். தேர்வு முடிவு வந்தது போல அவ்வளவு சந்தோஷம்.

சனிக்கிழமை மாலை அவள் புதுநன்மை வகுப்புக்குப் போயிருந்தாள். முதல் நற்கருணை வாங்கும் பிள்ளைகளுக்குப் பங்குக் கோயிலில் நடத்தும் வகுப்பு. அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் கிணற்றடியில் உட்கார்ந்து மருந்தைக் கலந்து, அதே தாளில், அதே நூலால் பதினெட்டுப் பொட்டலம் கட்டி வைத்தேன். மனைவியிடம் சொன்னேன். அக்காவிடம் சொன்னேன். கையுறையைக் கொளுத்தினேன். சோப்புப் போட்டு மூன்று முறை கை கழுவினேன். எல்லாவற்றிலும் கவனமாக இருந்தேன்.

மகளிடம் மட்டும் சொல்லவில்லை. அவள் வந்ததும், "இன்னிக்குப் பொட்டலம் கட்டலையாப்பா?" என்று கேட்டாள். "நானே கட்டி வச்சுட்டேன்," என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். இத்தனை நாளும் போட்ட சோறு கொல்வதற்காகத்தான் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்னொரு நாள் சொல்லலாம், செத்ததை அவள் எழுவதற்கு முன் அள்ளிப் புதைத்துவிடலாம், ஊரைவிட்டுப் போய்விட்டன என்று சொல்லிவிடலாம் என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். காலையில் ஆறு மணிக்கே தோட்டத்துக்குப் போய்ப் பார்ப்பதாகத் திட்டம். ஆறு மணிக்கு மும்முனை மின்சாரம் வந்தது. மோட்டாரைப் போட்டுத் தொட்டி நிரப்பினேன். அதன்பின் சட்டைக்கு இஸ்திரி. தினமும் காலையில் அவள் தோட்டத்துக்கு ஓடுவாள் என்பது எனக்கு நினைவுக்கே வரவில்லை. அந்தப் பழக்கத்தை உண்டாக்கியவன் நான்.

ஏழு நாற்பதுக்கு நான் அவள் கையைப் பிடித்து மூக்கருகே கொண்டுவந்தேன். அந்த மருந்துக்குப் பூண்டு வாடை உண்டு. அவள் விரல்களில் பூண்டு வாடை அடித்தது. ஆனால் அன்று ஞாயிற்றுக்கிழமை. கறிக்கு மசாலா அரைக்க அவள் அம்மாவோடு உட்கார்ந்து பூண்டு உரித்திருந்தாள். வீடே பூண்டு வாடையாக இருந்தது.

"எலிப் பொட்டலத்தைத் தொட்டியா?"

பேசவில்லை.

"பாப்பா, அப்பா அடிக்கமாட்டேன். அதுல இருந்து எடுத்துச் சாப்பிட்டியா?"

"நான் ஒண்ணும் சாப்பிடல," என்று உடனே சொன்னாள். சொன்ன வேகம் என்னைப் பயமுறுத்தியது. வகுப்பில் அவர்களுக்கு, நற்கருணை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து எதுவும் சாப்பிடக் கூடாது என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவளுக்கு இன்னும் நற்கருணை இல்லை. ஆனாலும் நாலு வாரமாக ஞாயிறு காலைகளில் பச்சைத் தண்ணீர்கூட வாயில் படாமல் பழகிக்கொண்டிருந்தாள். பால் குடிக்கச் சொன்னால் அழுவாள். ஆக, அவள் சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடவில்லை என்றுதான் சொல்வாள். அதை ஒப்புக்கொள்வது அவளைப் பொறுத்தவரை பாவத்தை ஒப்புக்கொள்வது.

நான் என்ன கேட்கிறேன் என்பது என் மனைவிக்கு விளங்கியது. "மாதாவே!" என்று சொல்லிக்கொண்டே உள்ளே ஓடி ஒரு டம்ளரில் உப்புத் தண்ணீர் கரைத்து வந்து மகளின் வாயில் வைத்தாள். விஷத்துக்கு உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நான் கத்திக்கொண்டே டம்ளரைத் தட்டிவிட்டேன். இந்த மருந்தில் ஈரமும் வயிற்று அமிலமும் பட்டால் வாயு கிளம்பும். அந்த வாயுதான் கொல்லும். அதன் சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதியவன் நான். டம்ளர் சுவரில் மோதி உருண்டது. அதற்குள் பாதி உள்ளே போய்விட்டது. மகள் குடம் கவிழ்ந்த மாதிரி வாந்தி எடுத்தாள். வெறும் தண்ணீர். நான் தரையில் மண்டியிட்டு அதை மோந்து பார்த்தேன். எனக்கு எதுவும் தெரியவில்லை. வாந்தி உப்பால் வந்ததா, விஷத்தால் வந்ததா என்று சொல்லவும் இனி வழியில்லை.

சத்தம் கேட்டு வந்த அக்கா வாசலில் நின்றார். விஷயம் புரிந்ததும் அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "போங்க, போங்க, கதவை நான் பூட்டிக்கிறேன்," என்று மட்டும் சொன்னார்.

மூவரும் ஒரே வண்டியில் போனோம். பழனி சாலையில் அவ்வளவு வேகமாக நான் என்றுமே போனதில்லை. நடுவில் உட்கார்ந்திருந்த மகளை அவள் அம்மா நிமிடத்துக்கு ஒரு முறை கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். "அம்மா" என்று பதில் வரும். ஒரு முறை பதில் வரத் தாமதமானது. வண்டியை நிறுத்திவிட்டேன். அவள் ரோட்டோரத்தில் ஒரு குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திண்டுக்கல் மருத்துவமனையில் எங்களைப் பார்த்தது ஓர் இளம் பெண் டாக்டர். மருந்து டப்பாவை நான் பையில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். அதை வாங்கிப் படித்தார்.

"எவ்வளவு சாப்பிட்டா?"

"தெரியலை."

"சாப்பிட்டாளா, இல்லையா?"

"தெரியலை மேடம்."

"மொத்தம் எவ்வளவு வச்சீங்க? எவ்வளவு மிச்சம் இருக்கு? அதைப் பார்த்தா ஒரு கணக்குக் கிடைக்கும்." எழுதிக்கொண்டே, "நீங்க என்ன வேலை பாக்குறீங்க?" என்றார்.

"கெமிஸ்ட்ரி டீச்சர்."

பேனா ஒரு கணம் நின்றது. பிறகு எழுதத் தொடங்கினார். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

இதற்கு மாற்று மருந்து என்று ஒன்று கிடையாது என்று பிறகு தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். எனக்கும் தெரியும். மூன்று நாள் பார்க்க வேண்டும். முதல் நாள் நன்றாக இருக்கும் பிள்ளை மூன்றாம் நாள் மோசமாகலாம். தினமும் ரத்தம் எடுத்துக் கல்லீரலைப் பார்ப்பார்கள். அதுவரை ஊசி, குளுக்கோஸ், காத்திருப்பு.

வராந்தாவுக்கு வந்து அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, பதினெட்டுப் பொட்டலம் வச்சேன். எத்தனை இருக்குன்னு பாத்துச் சொல்ல முடியுமா?"

"எங்கிட்டுன்னு பாக்க? வாய்ப்பக்கம் ரெண்டுதான் கண்ணுல படுது. மிச்சத்தை அதுக உள்ள இழுத்துட்டுப் போயிருக்கும்." பிறகு அவரே, "தோண்டிப் பாக்கவா?" என்றார்.

"நீங்க எப்படிக்கா தனியா..."

"தோண்டிப் பாக்குறேன்."

"மூக்குல துணி கட்டிக்கங்க. வெறுங்கையால தொடாதீங்க. அந்தப் புகையே ஆகாது."

"கொரோனாவுக்கே மாஸ்க் போடாதவ நான். சரி, சரி, கட்டிக்கிறேன். நீங்க பிள்ளையைப் பாருங்க."

அன்று மதியம் போன் வந்தது. எலி தின்று தாளும் நூலும் மட்டும் கிடந்ததையும் சேர்த்துத்தான் கணக்கு. ஆறு. சாயங்காலம் எட்டு. அதற்குள் கோடை மழை பிடித்துக்கொண்டது. தோண்டிய வங்கெல்லாம் சரிந்து சேறானது என்றார். இருட்டிவிட்டதே, விடுங்கள் என்றேன். விடிந்ததும் பார்ப்பதாகச் சொன்னார். மீதிப் பத்துப் பொட்டலத்தைப் பெருச்சாளி தின்றதா, என் மகள் தொட்டது அதில் ஒன்றா, அதில் ஒரு வாய் குறைந்திருக்கிறதா? ஒரு பிடி பொரியில் எவ்வளவு மருந்து, அவளுடைய எடை எவ்வளவு என்று மனம் தானாகக் கணக்குப் போட்டபடி இருந்தது. நிறுத்த முடியவில்லை.

மகள் கட்டிலில் நன்றாகத்தான் இருந்தாள். அதுதான் பயமாக இருந்தது. "எனக்கு என்னப்பா?" என்று கேட்டாள். நர்சு ஊசி போட்டுவிட்டு நகர்ந்த நேரம்.

"மண்ணுல இருந்து ஒரு கிருமி பாப்பா. ரெண்டு ஊசி போட்டா ஓடிரும்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். மனைவி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஜன்னலில் மலைக்கோட்டைப் பாறை ஈரமாகத் தெரிந்தது.

திங்கட்கிழமை பதினொன்று, பிறகு பதினான்கு. மண்வெட்டிப் பிடி உடைந்து, வேறு வாங்கித் தோண்டுகிறார் என்று தெரிந்தது. நான் "போதும்க்கா" என்றால், "நான்தான மருந்து வைக்கச் சொன்னேன்," என்று போனை வைத்துவிடுவார்.

அன்று பிற்பகல் மகளுக்கு லேசாக வயிறு வலித்தது. டாக்டர் வந்து அமுக்கிப் பார்த்துவிட்டு, பார்ப்போம் என்றார். அந்த ஒரு சொல்லுக்கு நான் எத்தனையோ அர்த்தம் கண்டுபிடித்தேன். நான் அறைக்கு வெளியே இருந்தபோது மகள் தன் அம்மாவின் காதில் சொன்னாள். கதவு திறந்திருந்ததால் எனக்கும் கேட்டது.

"அம்மா, நான் சாப்பிடலம்மா. சத்தியமா. ஆனா வெல்ல வாசம் அடிச்சுச்சு. கொஞ்சூண்டு சாப்பிடணும்னு நெனச்சேன். நெனச்சாலும் பாவம்தானாம், வகுப்புல சொன்னாங்க. அதுக்குத்தான் ஊசி போடுறாங்களா?"

மனைவி வராந்தாவுக்கு வந்தாள். கையில் ஜெபமாலை இருந்தது. "கேட்டீங்களா? அவ சொல்றது நெசம்."

"நெசமா இருக்கலாம்," என்றேன்.

"இருக்கலாமா?" என்றாள். "ரெண்டு நாளா அந்தப் பிள்ளை, சாமி தன்னைத் தண்டிக்குதுன்னு நெனச்சுக்கிட்டுப் படுத்திருக்கு. உங்களால இன்னும் அதுகிட்ட உண்மையைச் சொல்ல முடியல. அதை நம்பவும் முடியல."

உள்ளே போய் மகளின் பக்கத்தில் உட்கார்ந்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். பாப்பா, அது விஷம், அப்பாதான் வைத்தேன், உன் மேல் ஒரு தப்பும் இல்லை. மூன்றே வாக்கியம். அவள் என் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, ஊசி குத்திய இடத்து ஒட்டுத்துணியில் ஒரு முகம் வரைந்தாள். காது பெரிதாக, மீசை வைத்து. "பெருச்சாளிப்பா," என்றாள். "நாம ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம்ல, அதுக்கு இன்னிக்கு யாரு சோறு வப்பா?"

நான் சொல்லவில்லை. "அக்கா வப்பாங்க," என்றேன்.

செவ்வாய்க்கிழமை காலை ரத்த முடிவு வந்தது. கல்லீரல் எண்கள் ஏறவில்லை. டாக்டர் முதல் முறையாகச் சிரித்தார். இன்னும் ஒரு நாள் வைத்திருந்து அனுப்புவதாகச் சொன்னார். மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அந்தத் தாளை வாங்கி மூன்று முறை படித்தேன். எண்கள் சரியாகத்தான் இருந்தன. இருந்தாலும் உள்ளே எதுவும் இளகவில்லை. மூன்றாம் நாள் இன்னும் முடியவில்லையே என்றுதான் தோன்றியது. பதினெட்டில் பதினேழு கிடைத்துவிட்டதாகக் காலையிலேயே அக்கா சொல்லியிருந்தார். ஒன்று மட்டும் இல்லை. அந்த ஒன்றுதான் என் கண்ணில் நின்றது. இன்றுவரை வகுப்பில் ஏதேனும் ஓர் எண்ணிக்கை ஒன்று குறைந்தால் எனக்கு வியர்க்கிறது.

மதியம் பன்னிரண்டு மணிக்குப் பார்வையாளர் நேரம். வெளியே காவலாளியோடு யாரோ சண்டை போடும் சத்தம் கேட்டது. "பெயிண்டு வாளியில என்ன இருக்குன்னு உனக்கு எதுக்குய்யா? சரி, இந்தா, நீயே காவல் இரு. தெறந்து மட்டும் பாத்துராத." பிறகு அக்கா வார்டுக்குள் வந்தார். விசேஷத்துக்குக் கட்டும் சேலை கட்டியிருந்தார். நகக்கண்ணெல்லாம் செம்மண். வலது உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து துணி சுற்றியிருந்தது. உட்காரக்கூட இல்லை.

"பதினெட்டும் வந்துருச்சு வாத்தியாரே, வாசல்ல வாளியில இருக்கு," என்றார். "கடைசி ஒண்ணு முருங்கை மரத்தடி வங்குல முழங்கை ஆழத்துல கெடந்துச்சு. தாள் கிழிஞ்சிருக்கு. ஆனா உள்ள ஒரு பொரி குறையல, அதே கனம். கிழிஞ்சதைப் பாப்பா சேத்து மடிச்சு, தன் தலை ரிப்பனை அவுத்துக் கட்டி, உள்ள தள்ளிவிட்டிருக்கு. எலி திங்கட்டும்னு. வாயில போடுற பிள்ளை கட்டி வைக்குமா? சொல்லுங்க."

மனைவி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மகள் எழுந்து உட்கார்ந்து அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா அவள் பக்கம் திரும்பினார். அடுத்து என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வேண்டாம் என்று கையைத் தூக்கினேன். அவர் பார்க்கவில்லை. துணி சுற்றிய கையால் அவள் தலையைத் தடவினார்.

"பயப்படாத அப்பு, நாளைக்கு வீட்டுக்குப் போயிரலாம். உங்கப்பா வச்ச மருந்துல அம்புட்டு வங்கும் காலி. தாயும் குட்டியுமா ஒம்பது செத்துக் கெடந்துச்சு, நானே அள்ளிப் பொதைச்சுட்டேன். இனிமே ஒண்ணுகூட வராது."